ரேடியேட்டர் ஒழுகினால்: முதலில் இடத்தைப் பாருங்கள், பிறகு எஸ்டிமேட்டைப் பாருங்கள்

ஏற்காடு போய் இறங்கிய மறுநாள் காலை, சேலத்தில் வீட்டு வாசலில் நின்ற என் காரின் முன்பக்கம் பாகு காய்ச்சுவதுபோல் ஒரு வாசம். குனிந்து பார்த்தால் சிமெண்டுத் தரையில் உள்ளங்கை அளவுக்குப் பச்சைத் திட்டு. அன்றைக்கே வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டேன். மாலையில் போன் வந்தது. “சார், ரேடியேட்டர் போயிடுச்சு. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் சேத்தே மாத்திடலாம். 17,920 ஆகும். அப்ரூவ் பண்ணிடுங்க சார்.”

“எந்த இடத்துல ஒழுகுதுங்க?” என்று கேட்டேன். டெக்னீசியன் பார்த்துச் சொன்னார் என்பதற்கு மேல், போன் செய்த சர்வீஸ் அட்வைசரிடம் பதில் இல்லை. எதையும் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் நேரில் போய், அழுத்தம் ஏற்றி ஒழுகும் இடத்தைப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் போட்டுக் காட்டச் சொன்னேன். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் முத்து முத்தாக வந்தது. கீழ் ஹோஸின் முனையில் வெடிப்பு. நீரைச் சுழற்றும் வாட்டர் பம்பும், சூட்டுக்கேற்ப நீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் கூடும் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தன. கடைசியில் நான் கட்டியது 9,480 ரூபாய். ரேடியேட்டர் போய்விட்டது என்று அவர்கள் சொன்னது உண்மை. கூடச் சேர்த்த மற்றவற்றில் ஹோஸ் ஒன்றைத் தவிர எதுவும் தேவைப்படவில்லை.

புதிதாகக் கார் வாங்கியவர்கள் “ஏன் இவ்வளவு ஆகுது?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் எப்போதும் தயாராக இருக்கும். “எங்கே ஒழுகுது, காட்டுங்க” என்று கேட்பதுதான் பலன் தரும். அதைத் தைரியமாகக் கேட்க வேண்டுமானால் நீங்களும் கொஞ்சம் பார்த்திருக்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், பழைய அட்டைப்பெட்டி, கொஞ்சம் டிஷ்யூ பேப்பர் போதும்.

சூட்டில் மூடியைத் தொடவே கூடாது

எஞ்சினின் சூட்டை எடுத்துவந்து ரேடியேட்டரில் ஆற்றும் கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால் கலந்த நீர். ரேடியேட்டர் மூடி அதை அழுத்தத்தில் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கிறது. சரிபாதிக் கலவை, ஒரு பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 125 டிகிரிக்கு மேல் போனால்தான் கொதிக்கும். சூடான எஞ்சினில் மூடியைத் திருகினால் அந்த அழுத்தம் சட்டென விடுபட்டு, கொதிநீரும் ஆவியும் முகத்தில் அடிக்கும். பிரஷர் குக்கரில் ஆவி அடங்காமல் நாம் கை வைப்பதில்லை. இதுவும் அதேதான், அளவு பல மடங்கு.

வண்டியை அணைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்தினால் சூடில்லாமல், மெத்தென்று அமுங்க வேண்டும். அப்போதும் தடித்த துணியைப் போர்த்தி, மெதுவாகத் திருகுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள், சில கார்களில் எஞ்சின் அணைந்த பிறகும் மின்விசிறி திடீரென்று சுற்றும்.

இன்னொன்று. கூலன்ட் இனிப்பானது, ஆனால் நஞ்சு. நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும். சின்னக் குழந்தைகளுக்கும் ஆபத்து. தரையில் சிந்தியதை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நாக்கில் வைத்துப் பார் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தரையில் கிடப்பது என்ன?

இரவு வண்டியை நிறுத்தும்போது முன்பக்கத்துக்குக் கீழே அட்டையை விரித்து வையுங்கள். காலையில் நிறமும் இடமும் தெரியும். நிறமில்லாத, வாசமில்லாத வெறும் நீர் இடப்பக்கம் சொட்டியிருந்தால் அது பெரும்பாலும் ஏசி தண்ணீர். கோடையில் ஏசி போட்டு ஓட்டிய எந்தக் காரும் அப்படிச் சொட்டும், சொட்டத்தான் வேண்டும். இதைப் பார்த்துப் பயந்து சர்வீஸ் சென்டருக்கு ஓடுபவர்கள் ஏராளம்.

பச்சை, நீலம், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று நிறத்தோடும், விரலில் லேசான பிசுபிசுப்போடும், இனிப்பு வாசத்தோடும் இருந்தால் கூலன்ட். கறுப்பாகவோ பழுப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். சிவப்பாக எண்ணெய்ப் பதத்தில் இருந்தால் கியர் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயிலாக இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: கூலன்ட்டின் நிறத்துக்குப் பொதுவான தரம் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த சாயத்தைச் சேர்க்கிறது. உங்கள் வண்டியில் என்ன நிறம் என்பதை ரிசர்வ் டேங்கைப் பார்த்து இன்றைக்கே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அதோடு, பச்சைதானே என்று எந்தப் பச்சையையும் வாங்கி ஊற்றிவிடாதீர்கள்; கையேட்டில் சொன்ன வகைதான்.

டேங்கில் ஒரு கோடு

பேனட்டைத் திறந்தால் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டேங்க் இருக்கும், அதுதான் ரிசர்வ் டேங்க். பக்கவாட்டில் மேலளவு, கீழளவு என இரண்டு கோடுகள். வண்டி குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், சமதளத்தில் நிறுத்தி, நீர் நிற்கும் மட்டத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதியும் கிலோமீட்டரும் எழுதுங்கள். ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் பாருங்கள். சூட்டில் கூலன்ட் விரியும் என்பதால் மாலையில் பார்த்த மட்டத்தைக் காலையோடு ஒப்பிடக் கூடாது.

பல மாதங்களில் சிறிது குறைவது இயல்பு. வாரத்துக்கு ஒரு விரற்கடை இறங்கினால் எங்கோ போகிறது என்று பொருள். இந்த டேப்பைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “கொஞ்சம் குறையுது போல” என்று அட்வைசரிடம் சொல்வதற்கும், “ஆறு நாளில், 210 கிலோமீட்டரில் இவ்வளவு இறங்கியிருக்கு” என்று படம் காட்டுவதற்கும் அவர் உங்களிடம் பேசும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

இரண்டு வகை அமைப்புகள் உண்டு. ரேடியேட்டரின் தலையிலேயே உலோக மூடி இருந்து, பக்கத்தில் சாதாரண ரிசர்வ் டேங்க் இருப்பது ஒன்று. அழுத்தம் தாங்கும் கெட்டியான டேங்கிலேயே திருகு மூடி இருப்பது மற்றொன்று. முதல் வகையில் டேங்க் நிறைந்திருந்தாலும் ரேடியேட்டருக்குள் குறைந்திருக்க வாய்ப்புண்டு. அதனால் நன்கு குளிர்ந்த பிறகு ரேடியேட்டர் மூடியையும் திறந்து, கழுத்துவரை நிற்கிறதா எனப் பாருங்கள்.

மூடியை முதலில் சந்தேகியுங்கள்

இந்த அமைப்பிலேயே மிக மலிவான பாகம் மூடிதான். யாரும் அதைக் கவனிப்பதில்லை. அடியில் உள்ள ரப்பர் வளையம் கெட்டிப்பட்டாலோ, ஸ்பிரிங் தளர்ந்தாலோ அழுத்தம் நிற்காது. கூலன்ட் டேங்குக்குத் தள்ளப்பட்டு வழியும், கொதிநிலை இறங்கும், மலையேறும்போது சூடாகும். ரேடியேட்டரே கெட்டுவிட்டதைப் போலத் தோன்றும். மூடியின்மேல் 0.9, 1.1 என்றோ 88, 108 என்றோ எண் இருக்கும். முதலிரண்டு பார் கணக்கு, அடுத்தவை கிலோபாஸ்கல் கணக்கு. புதிதாக வாங்கினால் அதே எண்ணில் வாங்குங்கள். எண் கூடினால் நல்லது என்று நினைத்துப் பெரியதைப் போட்டால் பழைய ஹோஸ் ஏதாவது கிழியும்.

டார்ச் அடித்துத் தேடுவது

நீர் கீழ்நோக்கித்தான் வழியும். காரில் கூடுதலாக, மின்விசிறியும் எதிர்காற்றும் அதைப் பின்னுக்கு அடிக்கும். எனவே சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. ஈரம் தெரியும் இடங்களிலேயே மேலே, முன்னே இருப்பது எது என்று தேடுங்கள். அநேகமாக அதுதான் மூலம்.

ஈரமே இல்லாவிட்டாலும் தடம் இருக்கும். கூலன்ட் காய்ந்தால் வெள்ளையாகவோ, சாயத்தின் நிறத்திலோ உப்புப் பூத்தாற்போல் ஒரு பொருக்கு படியும். அதைத்தான் தேட வேண்டும். மேலிருந்து வரிசையாகப் பாருங்கள்: மூடியின் கழுத்து, மேல் ஹோஸ் செருகும் இடம், அதன் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க், அந்த டேங்க் அலுமினியத்தோடு மடித்துப் பிடிக்கப்பட்டிருக்கும் விளிம்பு, தகடுகளின் நடுப்பகுதி, கீழ் ஹோஸ், அடியிலுள்ள வடிகால் திருகு. பிறகு எஞ்சின் பக்கம் வந்து தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்ப். பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே உள்ள சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாக நீர் வரும்படி வேண்டுமென்றே வைத்தது அது. அங்கே பொருக்கோ வழிந்த கோடோ இருந்தால் பம்ப் மாற்ற வேண்டியதுதான். காய்ந்து சுத்தமாக இருந்தால், “பம்பும் போச்சு” என்று சொல்பவரிடம் அந்த இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் அலுமினியத் தகடும் பிளாஸ்டிக் டேங்கும்தான். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கி, நாளடைவில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை அடைகிறது. இடையில் உள்ள ரப்பர் இறுகுகிறது. எனக்கு நடந்ததும் அதுவே. நம் ஊரில் இதைச் சீக்கிரமாக்கும் இன்னொரு காரணம் போர்வெல் தண்ணீர். கூலன்ட் குறைந்ததும் வீட்டுக் குழாயில் பிடித்து ஊற்றுகிறோம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு, ரேடியேட்டரின் குறுகலான குழல்களுக்குள்ளும் படிகிறது. உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. அவசரத்துக்கு ஊற்ற வேண்டுமானால் பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுங்கள்.

நேரமும் முக்கியம். எஞ்சினை ஓடவிட்டு, மின்விசிறி இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை காத்திருந்து, பிறகு அணைத்துப் பாருங்கள். அணைத்த உடனே வாட்டர் பம்ப் நின்றுவிடும், ஆனால் எஞ்சினின் சூடு நீருக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களுக்கு அழுத்தம் கூடும். ஓடும்போது வராத சொட்டு அப்போது வரும். இதற்கு நேர்மாறாக, விடிகாலைக் குளிரில் மட்டும் ஒழுகி, சூடானதும் அடைத்துக்கொள்ளும் கிளாம்புகளும் உண்டு. எனவே இரண்டு வேளையும் பாருங்கள். சந்தேகமான இணைப்பை, வண்டி குளிர்ந்தபின் டிஷ்யூ பேப்பரால் சுற்றித் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் நிறமாக ஒட்டும்.

பிரஷர் டெஸ்ட்

நீங்களே தேடிக் கிடைக்கவில்லை என்றால், பணம் கொடுத்தாவது செய்யச் சொல்ல வேண்டிய முதல் சோதனை இதுதான். சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்பு, அதில் ஒரு அளவுமானி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தி, மூடியில் எழுதிய அளவு வரை அழுத்தம் ஏற்றுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் வெளியே ஒழுகல் இல்லை. முள் இறங்கினால் எங்கோ வெளியேறுகிறது. குளிர்ந்த வண்டி என்பதால் பயமில்லாமல் கிட்டே போய்ப் பார்க்கலாம். அதே கருவியில் மூடியையும் தனியே சோதிக்கலாம். நல்ல ரேடியேட்டர் பட்டறைகள் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. இதைச் செய்யாமல் 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போடுவது, பரிசோதனை எதுவும் செய்யாமல் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுப்பதைப் போன்றது.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் குறைகிறது

இரண்டு இடங்களைப் பாருங்கள். முன் இருக்கையின் கால்மிதிக்கு அடியில் ஈரமும் இனிப்பு வாசமும் இருந்து, கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான பனி படிந்தால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குச் சூடு தரும் சின்ன ரேடியேட்டர், ஒழுகுகிறது. அதன் பாகத்தைவிட டேஷ்போர்டைக் கழற்றும் கூலிதான் பெரிது.

இரண்டாவது, எல்லோரும் அஞ்சும் ஹெட் கேஸ்கட்: எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு. குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுவது, டேங்கில் விடாமல் குமிழி வருவது, எஞ்சின் நன்கு சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெண்புகை வருவது, ஆயில் பாலேடு மாதிரி மாறுவது ஆகியவை அறிகுறிகள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளிர் படலம் இருந்தால் உடனே முடிவு கட்டாதீர்கள்; தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் காற்றின் ஈரமே அப்படிப் படியும். ஆயில் குச்சியிலும் அதே நிறம் இருக்கிறதா எனப் பாருங்கள். உறுதிசெய்ய ஒரு எளிய சோதனை உண்டு: ரேடியேட்டர் கழுத்தில் நீல நிறத் திரவம் கொண்ட குழாயை வைத்து, மேலே வரும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எஞ்சினுக்குள் எரிந்த வாயு அதில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் கேளுங்கள்.

அதுவரை ஓட்டலாமா?

மெல்லிய கசிவு, மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறது என்றால், தினமும் பார்த்து ஊற்றிக்கொண்டு ஊருக்குள் ஓட்டலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டியை ஏற்றாதீர்கள். சிறிய கார்கள் பலவற்றில் வெப்பமானி முள் கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டுமே. சிவப்பு எரியும்போது ஏற்கெனவே தாமதம். அதைவிட மோசம், கூலன்ட் முழுவதும் போய்விட்டால் உணரி வெறுங்காற்றில் நிற்கும்; விளக்கு எரியாமலேயே எஞ்சின் வெந்துபோகலாம்.

சூடேறிவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்து, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். காத்திருங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகத்தில் விரிசல் விழலாம். 3,000 ரூபாய்ச் செலவு 40,000 ரூபாய்ச் செலவாக மாறுவது இந்தப் பத்து நிமிட அவசரத்தில்தான்.

லாரி ஓட்டுநர்கள் ரேடியேட்டரில் மஞ்சள் தூளைப் போட்டு ஊர் வந்து சேர்வதுண்டு. கடைகளில் விற்கும் லீக் அடைப்பான் திரவமும் அதே தத்துவம்தான். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டால் தவறில்லை. ஆனால் அது ஓட்டையை மட்டும் தேடிப்போய் அடைப்பதில்லை, மெல்லிய குழல்களையும் ஹீட்டர் கோரையும் சேர்த்தே அடைக்கும். ஊர் வந்ததும் முழுவதையும் கழுவிவிட வேண்டும். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டிக்கு இது வேண்டாம்.

ஜாப் கார்டில் என்ன எழுத வேண்டும்

ஜாப் கார்டு என்பது வண்டியை விடும்போது அவர்கள் எழுதும் வேலைச் சீட்டு. அதில் “ரேடியேட்டர் செக் பண்ணுங்க” என்று எழுதவிட்டால், ரேடியேட்டரை மாற்ற நீங்களே வழி திறந்ததாகிவிடும். அறிகுறியை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: “கூலன்ட் குறைகிறது. ஒழுகும் இடத்தைப் பிரஷர் டெஸ்ட் செய்து கண்டுபிடிக்கவும். எழுத்தில் ஒப்புதல் பெறாமல் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம். பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்.” இந்த நான்கு வாக்கியங்களும் கார்டில் ஏறியபிறகே கையெழுத்துப் போடுங்கள். சோதனைக்கு மட்டும் எவ்வளவு கட்டணம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வேலையை அங்கே செய்யாவிட்டாலும் அந்தக் கட்டணத்தைக் கொடுப்பது நியாயம்.

எஸ்டிமேட்டை வரிவரியாக

எனக்கு வந்த 17,920 இப்படி இருந்தது: ரேடியேட்டர் 6,240, கூலன்ட் 1,050, வாட்டர் பம்ப் 2,900, தெர்மோஸ்டாட் 1,150, இரண்டு ஹோஸ் 1,380, ஃபிளஷ் (உட்புறத்தைக் கழுவுவது) 950, லேபர் 3,800, இதர பொருட்கள் 450. நான் கட்டியது ரேடியேட்டர், கூலன்ட், ஒரு ஹோஸுக்கு 690, லேபர் 1,500.

அதிகம் கவனிக்க வேண்டியது லேபர். ரேடியேட்டரைக் கழற்ற வேண்டுமானால் கூலன்ட்டை வடிக்க வேண்டும், ஹோஸ்களைக் கழற்ற வேண்டும். பிறகு ஹோஸ் மாற்றத் தனி லேபர், கூலன்ட் மாற்றத் தனி லேபர் என்று போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி. “இந்த வேலைக்குக் கம்பெனி கொடுத்த நேரம் எத்தனை மணி? மணிக்கு என்ன கூலி?” என்று கேளுங்கள். அவர்களிடம் ஒவ்வொரு வேலைக்கும் நேர அட்டவணை இருக்கிறது. ஒன்றோடொன்று சேர்ந்து வரும் வேலைகளைக் காட்டி, கழித்துத் தரச் சொல்லுங்கள். எனக்குக் குறைந்ததில் பெரும்பங்கு இங்கேயும் வாட்டர் பம்பிலும்தான்.

பாகத்தின் விலைக்குப் பெட்டியைக் கேளுங்கள். அதில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் உட்பட்ட விலை. பில்லில் அடிப்படை விலை, ஜிஎஸ்டி என்று பிரித்துக் காட்டலாம். கூட்டுத்தொகை எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் ரேடியேட்டருக்கு 28. இன்னும் 28 போட்ட பழைய எஸ்டிமேட்டை யாராவது நீட்டினால் சுட்டிக்காட்டுங்கள்.

கூலன்ட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. கையேட்டில் மொத்தக் கொள்ளளவு லிட்டரில் இருக்கும். ஊற்றியது நேரடியாகப் பயன்படுத்தும் கலவையா, தண்ணீர் கலக்க வேண்டிய அடர் திரவமா? அடர் திரவமாக இருந்து, மொத்தக் கொள்ளளவுக்கும் அதையே கணக்கிட்டிருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. ஏசி கேஸ் என்று ஒரு வரி இருந்தால், இந்த மாடலில் ரேடியேட்டரைக் கழற்ற ஏசி குழாயைத் திறக்க வேண்டுமா என்று கேளுங்கள். சில வண்டிகளில் வேண்டும். பலவற்றில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு ரேடியேட்டரை உருவலாம்.

அவர்கள் சொல்வதெல்லாம் ஏமாற்று என்றும் நினைக்க வேண்டாம். எட்டுப் பத்து வருட வண்டியில் ஹோஸ் ஊதியோ வெடித்தோ இருந்தால், எப்படியும் வடித்த நேரத்தில் அதை மாற்றுவதுதான் புத்தி. வாட்டர் பம்பை டைமிங் பெல்ட் சுற்றும் எஞ்சின்களில், பெல்ட் மாற்றும் வேளையில் பம்பையும் மாற்றச் சொல்வார்கள். அது நல்ல ஆலோசனை, தனியாகச் செய்தால் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டிவரும். கெட்டது எது, கெட வாய்ப்புள்ளது எது என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். நேர்மையான அட்வைசர் சந்தோஷமாகப் பிரித்துத் தருவார்.

பணம் கட்டும் முன் வாரண்டி, நீட்டித்த வாரண்டி இருக்கிறதா எனப் பாருங்கள். கல் அடித்தோ மோதியோ ரேடியேட்டர் கிழிந்திருந்தால் இன்சூரன்ஸில் கேட்கலாம்; தேய்மானத்தில் ஒழுகினால் சாதாரண பாலிசி தராது. 1,500 சிசி வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் கட்டாயம் நம் கையிலிருந்து போகும். கிளைம் செய்யாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸும் அடுத்த வருடம் போகும். சிறிய தொகைக்குக் கிளைம் பண்ணுவது நஷ்டமாக முடியலாம்.

வெளியில் செய்வதானால்

ஒழுகும் இடம் தெரிந்துவிட்டால் வெளி மெக்கானிக்கிடம் விலை கேட்பது சுலபம். அம்பாசிடர் காலத்துச் செம்பு, பித்தளை ரேடியேட்டரை ஈயம் பற்றவைத்துப் பல வருடம் ஓட்டினார்கள். அலுமினியத்தில் அந்த வேலை அப்படி நிற்காது. பிளாஸ்டிக் டேங்கில் ஒட்டும் பசையும் சில வாரங்களுக்குத்தான். விளிம்பைத் திறந்து புது ரப்பரும் புது டேங்கும் வைத்து மறுபடி மடிக்கும் பட்டறைகள் உண்டு. தகடு நன்றாக இருந்தால் அது மதிப்புள்ள வேலை. மொத்தமாக மாற்றுவதென்றால் பான்கோ, வேலியோ, டென்சோ போன்றவர்கள் கார் கம்பெனிகளுக்கே பாகங்கள் கொடுப்பவர்கள்; கம்பெனிப் பெட்டி இல்லாமல் அவர்கள் பெயரிலேயே கடையில் கிடைப்பதை விசாரியுங்கள். பெயரே இல்லாத பெட்டியில் வருவதை வாங்காதீர்கள்.

“வெளியில கை வச்சா வாரண்டி போயிடும் சார்” என்பார்கள். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான் குற்றம். வெளியில் பழுதுபார்த்ததற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் பொதுவான நிபந்தனை கூடாது என்றும், வெளிக்கடையின் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே, வாரண்டி காலத்துக்குள் இருக்கும் வண்டியை, இலவசமாகச் செய்ய வேண்டிய கடமை உள்ளவர்களிடமே கொண்டுபோங்கள். வாரண்டி முடிந்த வண்டிக்கு இந்தப் பயமுறுத்தல் பொருந்தாது.

பேசித் தீராவிட்டால்

அட்வைசரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் கையில் அதிகாரம் குறைவு. சர்வீஸ் மேனேஜரைக் கேளுங்கள். பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு, எஸ்டிமேட்டையும் படங்களையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், டேப் ஒட்டிய டேங்கின் படம் இவைதான் உங்கள் சாட்சி.

வண்டி கைக்கு வந்த பிறகு

கூலன்ட் நிரப்பும்போது உள்ளே காற்று தங்கிவிடும்; அதை வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். காற்று தங்கினால் புது ரேடியேட்டரோடும் வண்டி சூடாகும். அங்கேயே ஸ்டார்ட் செய்து, மின்விசிறி தானாகச் சுற்றி நிற்கும்வரை பாருங்கள். ஹீட்டரைத் திறந்தால் சூடான காற்று வர வேண்டும். பழைய ரேடியேட்டர் டிக்கியில் இருக்கிறதா, அதில் நீங்கள் பார்த்த அதே வெடிப்பு இருக்கிறதா என்று சரிபாருங்கள். பில்லில் மாற்றிய பாகத்துக்கும் வேலைக்கும் எத்தனை மாத உத்தரவாதம் என்பதை எழுதி வாங்குங்கள்.

மறுநாள் காலை மட்டம் சற்று இறங்கியிருக்கலாம். தங்கிய காற்று வெளியேறியதால் வருவது அது. மேலளவு வரை ஊற்றி, புது டேப் ஒட்டி, தேதி போடுங்கள். அட்டையை இன்னும் ஒரு வாரம் வண்டிக்கு அடியில் விரித்தே வையுங்கள். மட்டம் மீண்டும் இறங்கினால் உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டேப்பின் படத்தோடு திரும்பப் போங்கள்.